முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் குழந்தை

ஆசிரியர் ‘முந்நூற்று ஐந்து’ என்று சொல்கிறார். குழந்தை 3005 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. மறுநாள் ‘நானூற்று ஏழு’ என்றால் அதே குழந்தை 4007 என்று எழுதும். ‘கவனக்குறைவு’ என்று வீட்டுக்குக் குறிப்பும் போகும். உண்மையில் கவனக்குறைவாக இருந்தால் தவறு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரியாக இருக்கும். இந்தக் குழந்தையோ ஒரே விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது: காதில் முந்நூறு விழுந்தது, 300 என்று எழுதியது, அடுத்து ஐந்து விழுந்தது, பக்கத்தில் 5 எழுதியது.

அதற்குப் பிடிபடாமல் இருப்பது இட மதிப்பு. தொடக்கப் பள்ளிக் கணக்கில் இந்தச் சொல்லை நாம் உச்சரிக்காத வாரம் இருக்காது. ஆனால் ஒன்று, பத்து, நூறு என்று கட்டம் போட்டு, அதில் 305-ஐ நிரப்பச் சொல்வதோடு நம் கற்பித்தல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. குழந்தை நிரப்பிவிடும். கட்டத்தை நிரப்புவது முகவரி எழுதுவதைப் போன்ற வேலை. முகவரியைப் பிழையில்லாமல் எழுதுகிறவர் அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தொடங்குமுன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். 0 முதல் 9 வரையுள்ள பத்துக் குறிகளும் இலக்கங்கள். அவற்றைக் கொண்டு நாம் குறிப்பிடும் அளவு எண். எழுத்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவுதான் இலக்கத்துக்கும் எண்ணுக்கும். 305 என்பது மூன்று இலக்கங்களால் எழுதப்பட்ட ஓர் எண்.

பதினாறு குச்சிச் சோதனை

உங்கள் வகுப்பில் இட மதிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஐந்து நிமிடம் போதும். கல்வி ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கையாளும் சோதனை இது. ஒரு குழந்தையைத் தனியாக அழைத்து 16 குச்சிகளைக் கொடுங்கள். எண்ணச் சொல்லுங்கள். எத்தனை என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை 16 என்று எழுதும்.

இப்போது 6 என்ற இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ‘இது எந்தக் குச்சிகள்? எடுத்துக் காட்டு’ என்று கேளுங்கள். ஆறு குச்சிகளைத் தள்ளி வைக்கும். அடுத்து 1-ஐச் சுற்றி வட்டம் போட்டு அதே கேள்வி. இங்கேதான் நம் வயிறு கலங்கும். பல குழந்தைகள் ஒரே ஒரு குச்சியை எடுத்துக் காட்டும். ‘மிச்சம் இருக்கும் ஒன்பது குச்சிகள்?’ என்று கேட்டால் சில குழந்தைகள் தோளைக் குலுக்கும். சில, ‘அது சும்மா’ என்று சொல்லும். கட்டத்தில் 16-ஐப் பிழையின்றி நிரப்பிய குழந்தையும் இதில் அடக்கம்.

அந்தக் குழந்தை காட்டியது 1-இன் முக மதிப்பு. இலக்கத்தைத் தனியாகப் பார்த்தால் அது காட்டும் அளவு முக மதிப்பு. எண்ணுக்குள் அது நிற்கும் இடத்தால் பெறும் அளவு இட மதிப்பு. 16-இல் உள்ள 1-க்கு முக மதிப்பு ஒன்று, இட மதிப்பு பத்து. வரையறை இவ்வளவுதான். ஆனால் வரையறையை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தையும் ஒற்றைக் குச்சியையே நீட்டக்கூடும் என்பதால், இட மதிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்குள் போக வேண்டியிருக்கிறது.

ஆறு பந்துக்கு ஒரு ஓவர்

கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது. திரையில் 14.3 என்று இருந்தால் பதினான்கு ஓவரும் மூன்று பந்தும். அடுத்து 14.4, 14.5. அதற்கடுத்த பந்து வீசப்பட்டதும் 14.6 என்று நிலைப்பதில்லை, 15 ஆகிவிடுகிறது. ஆறு பந்துகள் சேர்ந்ததும் பந்துக் கணக்கு காலியாகி, பக்கத்து வீட்டில் ஓர் ஓவராகக் குடியேறுகிறது. பந்து எதுவும் தொலையவில்லை. ஆறாக இருந்தது ஒன்றாகப் பெயர் மாறியிருக்கிறது.

எண்களிலும் நடப்பது இதுவே. அங்கே ஆறுக்கு ஒன்று, இங்கே பத்துக்கு ஒன்று. ஒற்றைகள் ஒன்பது வரை தங்கலாம். பத்தாவது வந்துவிட்டால் பத்தும் சேர்ந்து ஒரு ‘பத்து’ ஆகி இடப்பக்கம் நகரும். பத்துகள் பத்து சேர்ந்தால் ஒரு ‘நூறு’. நூறுகள் பத்து சேர்ந்தால் ஓர் ‘ஆயிரம்’. எத்தனை இடங்கள் போனாலும் விதி இந்த ஒன்றுதான். இப்படிப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணும் முறைக்குப் பத்தடிமான முறை என்று பெயர். பத்து சிறிய அலகுகளை ஒரு பெரிய அலகாக மாற்றுவதையும், பெரியதை உடைத்துச் சிறியதாக்குவதையும் பாடப்புத்தகங்கள் இனமாற்றம் என்கின்றன.

இட மதிப்பு என்ற கருத்தின் உயிர் இந்த இனமாற்றத்தில் இருக்கிறது. ‘பத்தாம் இடம்’ என்ற பெயர் அதற்கு ஒட்டப்பட்ட சீட்டு. நாம் சீட்டைக் கற்பித்துவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடுகிறோம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: இலக்கம் நிற்கும் இடம் அதன் அளவை முடிவு செய்கிறது. ஒவ்வோர் இடமும் வலப்பக்கத்து இடத்தைப் போலப் பத்து மடங்கு. பத்து சேர்ந்தால் கட்ட வேண்டும், தேவைப்பட்டால் அவிழ்க்கலாம்.

பூச்சியம் எதற்கு?

‘பூச்சியத்துக்கு மதிப்பு இல்லை’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, 305-இல் அது ஏன் வந்தது என்று குழந்தை கேட்டால் விழிக்கிறோம். எண்மக் கடிகாரத்தைக் காட்டுங்கள். 1:05 என்றால் ஒரு மணி ஐந்து நிமிடம். அந்தப் பூச்சியத்தை இடம் மாற்றி 1:50 ஆக்கினால் முக்கால் மணி நேரம் கூடிவிடுகிறது. பூச்சியம் ‘இங்கே கட்டு ஒன்றும் இல்லை, ஆனால் இடம் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு காவல் நிற்கிறது. அது இல்லாவிட்டால் 305 வெறும் 35 ஆகச் சுருங்கிவிடும்.

இங்கே தமிழ் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பழைய எண்முறையில் பூச்சியம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. ஆகவே முந்நூற்று ஐந்தை ௩௱௫ என்று எழுதினார்கள்: மூன்று, நூறு, ஐந்து. வாயில் வருவது அப்படியே எழுத்தில் வந்தது. அளவைக் குறியே சொல்லிவிடுவதால் காலி இடத்தைக் காக்க ஆள் தேவைப்படவில்லை.

முதல் பத்தியில் வந்த குழந்தையை இப்போது மறுபடியும் பாருங்கள். 300 எழுதிப் பக்கத்தில் 5 எழுதும்போது அது செய்வது ஏறத்தாழ இதையேதான். ஒரு காலத்தில் கணக்கர்கள் எழுதிய வழியில் யோசிக்கிற குழந்தையை ‘மந்தம்’ என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாயால் சொல்லும் முறையும் இலக்கத்தால் எழுதும் முறையும் வேறு வேறு என்று அதற்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எண்பெயர்கள் செய்யும் உதவியும் குறும்பும்

தமிழ் எண்பெயர்கள் பெரும்பாலும் ஆசிரியரின் நண்பர்கள். ‘பதின்மூன்று’ என்பதற்குள் பத்தும் மூன்றும் கேட்கின்றன. ‘இருபத்து நான்கு’ என்றால் இரண்டு பத்து, நான்கு. எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஏறும் வரிசையில் எட்டின் சாயல் கடைசி வரை தொடர்கிறது. இந்த உதவியை வகுப்பில் வேண்டுமென்றே கேட்க வைக்கலாம்: ‘அறுபத்து இரண்டு’ என்று சொல்லிவிட்டு, ‘ஆறு பத்து, இரண்டு ஒன்று’ என்று இன்னொரு முறை சொல்வது.

குறும்பு ஒன்பதில் தொடங்குகிறது. ஒன்பது என்ற பெயர் இருபது, முப்பது போல ‘பது’ என்று முடிகிறது. ஆனால் அது ஒற்றை இலக்க எண். தொண்ணூறு என்ற பெயரில் நூறு ஒலிக்கிறது. ஆனால் அதில் ஒன்பது பத்துகள்தான். தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. இருப்பது ஒன்பது நூறுகள். ஒவ்வொன்றும் ஒரு படி மேலே உள்ள சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பழைய இலக்கண நூல்கள் இந்தச் சொற்கள் உருவானதற்குத் தனி விதியே வகுத்தன. ஆறு வயதுக் குழந்தை எண்பத்தொன்பதுக்கு அடுத்துத் தடுமாறினால் அதில் வியப்பு என்ன? இந்த மூன்று பெயர்களுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். தொண்ணூற்றுக்குப் பத்துப் பத்துக் குச்சிகளாக ஒன்பது கட்டு, தொள்ளாயிரத்துக்கு நூறு நூறு குச்சிகளாக ஒன்பது பெருங்கட்டு என்று கண்முன் வைத்துவிட்டால் பெயரின் சட்டை ஏமாற்றாது.

கட்டுவது யார் என்பதே கேள்வி

பணியில் சேர்ந்த புதிதில் நானும் தெர்மாகோலில் அழகான இட மதிப்பு அட்டவணை செய்து சுவரில் மாட்டினேன். பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். ஆண்டு முழுவதும் ஒரு குழந்தையின் விரல்கூட அதில் பட்டதில்லை. பட்டால் உடைந்துவிடும் என்று நானே தடுத்திருந்தேன். கற்றல் துணைக்கருவி என்ற பெயரில் நாம் செய்வதில் பாதி சுவர் அலங்காரம்.

பத்துக்கு ஒன்று என்ற மாற்றத்தைக் குழந்தை தன் கையால் செய்ய வேண்டும். அதற்கு ஒரே அளவுள்ள குச்சிகளும் ரப்பர் வளையங்களும் போதும். ஐஸ் குச்சி, ஈர்க்குச்சி, தடித்த அட்டையில் வெட்டிய பட்டை என எதுவானாலும் சரி. ஒரு குழந்தைக்கு நூற்று இருபது குச்சிகள் இருந்தால் தாராளம்.

பத்துப் பத்தாகக் கட்டி வைத்த கட்டுகளை மட்டும் ஆசிரியர் கொடுத்துவிடக் கூடாது. நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் தயார்க் கட்டு குழந்தைக்கு ‘பத்து என்று பெயருள்ள ஒரு பொருள்’ மட்டுமே. அதற்குள் பத்து ஒற்றைகள் இருப்பதை அது நம்ப வேண்டியதாகிறது. தானே எண்ணி வளையம் மாட்டிய கட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொடங்க எளிய வழி, நாள் எண்ணுதல். பள்ளி திறக்கும் நாளில் மூன்று டப்பாக்களை வையுங்கள். குழந்தைகள் பார்க்கும் திசையில் வலக்கோடியில் ஒன்றுகள், அடுத்து பத்துகள், இடக்கோடியில் நூறுகள். ஒவ்வொரு பள்ளி நாளும் ஒரு குழந்தை ஒரு குச்சியை ஒன்றுகள் டப்பாவில் போட்டு, எத்தனையாவது நாள் என்று டப்பாக்களின் கீழே இலக்கங்களில் எழுத வேண்டும். பத்தாவது நாள் வரும்போது ஒன்றுகளை எடுத்துக் கட்டி அடுத்த டப்பாவுக்கு மாற்றுவார்கள். ஒன்றுகள் டப்பா காலி. அதன் கீழே என்ன எழுதுவது என்று கேளுங்கள். பூச்சியம் அன்று தேவையினால் பிறக்கும். நூறாவது நாள் பத்துக் கட்டுகளும் சேர்ந்து ஒரு பெருங்கட்டாகும்போது, அந்த வகுப்பு நூறு என்பதன் பருமனைக் கையில் தூக்கிப் பார்க்கும். தினமும் மூன்று நிமிடம். தனிப் பாடவேளை வேண்டாம்.

அடுத்தது பகடை விளையாட்டு. இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த புள்ளிகளின் அளவுக்குக் குச்சி எடுக்க வேண்டும். கையில் பத்து ஒற்றைகள் சேர்ந்தால் கட்டியாக வேண்டும். கட்டாமல் அடுத்த ஆளிடம் பகடையைக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை இழப்பு. முதலில் நூறைத் தொடுபவர் வெற்றி. ஒவ்வொரு முறையும் தன்னிடம் உள்ளதைச் சிலேட்டில் எழுதிவிட்டு, ‘மூன்று கட்டு, நான்கு ஒற்றை, முப்பத்து நான்கு’ என்று சொல்ல வேண்டும். சத்தம் கூடும். கூடட்டும். இந்தச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டால் அது வெறும் பகடை ஆட்டமாகப் போய்விடும்.

பிறகு அதே ஆட்டத்தைத் தலைகீழாக ஆடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு நூறுகட்டு. பகடை சொல்லும் அளவுக்குக் குச்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு விழுகிறது. ‘என்னிடம் ஒற்றைக் குச்சியே இல்லையே!’ என்று குழந்தை விழிக்கும் அந்தக் கணத்தில் உதவிக்கு ஓடாதீர்கள். அரை நிமிடத்துக்குள் ஒருவராவது பெருங்கட்டை அவிழ்க்கத் தொடங்குவார். அதற்குள்ளிருந்து பத்துச் சிறு கட்டுகள் வரும். அவற்றில் ஒன்றை மீண்டும் அவிழ்க்க வேண்டும். பிற்காலத்தில் 100-இலிருந்து 7-ஐக் கழிக்கும்போது இரண்டு பூச்சியங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும் சிக்கல் இங்கேயே விரலுக்குப் பழகிவிடுகிறது.

குச்சியிலிருந்து தாளுக்கு

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில், ஒரு கருத்தை நாம் மூன்று வடிவங்களில் மனத்தில் ஏற்றுகிறோம் என்றார்: கையால் செய்து, படமாகக் கண்டு, குறியீடாக எழுதி. வகுப்பறையில் பெரும்பாலும் நடுவில் உள்ள படம் காணாமல் போகிறது. திங்கள்கிழமை குச்சி, செவ்வாய்க்கிழமை எண் என்று தாவிவிடுகிறோம். இடையில் சில வாரங்கள் குழந்தைகள் வரையட்டும்: ஒற்றைக்கு ஒரு புள்ளி, பத்துக்கு ஒரு நீள் கோடு, நூறுக்கு ஒரு சதுரம். 243 என்றால் இரண்டு சதுரம், நான்கு கோடு, மூன்று புள்ளி. ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஸோல்டான் டியன்ஸ் புகழ்பெறச் செய்த மரக்கட்டைகளும் இதே வடிவில்தான் இருக்கும்: சிறு கனசதுரம், பத்தின் நீளக்கட்டை, நூறின் பலகை.

3005 எழுதும் குழந்தைக்கு என் கைமருந்து அடுக்கு அட்டைகள். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் செய்யலாம். ஒரே அளவுள்ள கட்டங்களாக எண்ணி, 1 முதல் 9 வரையுள்ள அட்டைகளை ஒரு கட்ட அகலத்திலும், 10 முதல் 90 வரை பத்துப் பத்தானவற்றை இரு கட்ட அகலத்திலும், 100 முதல் 900 வரையானவற்றை மூன்று கட்ட அகலத்திலும் வெட்டுங்கள். மொத்தம் 27 அட்டைகள். குழந்தை முந்நூறு என்று கேட்டதும் 300 அட்டையை எடுக்கிறது. ஐந்து என்று கேட்டதும் 5 அட்டையை எடுக்கிறது. இதுவரை அதன் யோசனை சரியே. இப்போது வலது ஓரம் ஒட்டி 5-ஐ 300-இன் மேல் வைக்கச் சொல்லுங்கள். 305 தெரியும். 5-ஐத் தூக்கினால் கீழே பூச்சியம் ஒளிந்திருக்கும். 300 அங்கேயேதான் இருக்கிறது, அதன் கடைசிப் பூச்சியத்தின் மேல் ஐந்து உட்கார்ந்திருக்கிறது என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும். சிவப்பு மை சொல்லாததை இது சொல்லும்.

மணிச்சட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குச்சிக்கட்டில் பத்து என்பது ஒன்றைப் போலப் பத்து மடங்கு பருமனாகக் கண்ணுக்குத் தெரிகிறது. மணிச்சட்டத்தில் எல்லா மணிகளும் ஒரே அளவு. எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதை வைத்தே மதிப்பு. இது இலக்கங்களுக்கு மிக நெருக்கமான கருவி, ஆகவே கடினமான கருவி. அளவு காட்டும் கருவிகள் முதலில், இடம் மட்டும் காட்டும் கருவிகள் பிறகு. வரிசை மாறினால் மணிச்சட்டமும் இன்னொரு கட்டம் நிரப்பும் வேலையாகிவிடுகிறது.

‘மேலே ஒன்று’, ‘கடன் வாங்கு’

27-ஐயும் 15-ஐயும் கூட்டும்போது ‘12-க்கு 2 போட்டு மேலே 1’ என்கிறோம். அந்த 1 என்ன? குச்சிகளோடு செய்த குழந்தைக்கு அது ஒரு கட்டு. ஏழும் ஐந்தும் சேர்ந்து பன்னிரண்டு ஒற்றைகள்; பத்தைக் கட்டினோம், இரண்டு மிச்சம். கட்டைப் பத்துகளோடு வைத்தோம், நான்கு கட்டுகள் ஆயின. விடை 42.

கழித்தலில் இன்னும் சிக்கல். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பல குழந்தைகள் 35 என்று எழுதும். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து 5 போட்டுவிட்டார்கள். இதற்கு நாம் சொல்லும் ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. நடப்பது வெறும் அவிழ்ப்பு: நான்கு கட்டு இரண்டு ஒற்றையை மூன்று கட்டு பன்னிரண்டு ஒற்றையாக்குகிறோம். அளவு மாறவில்லை. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, மூன்று கட்டில் ஒரு கட்டு போனால் இரண்டு. விடை 25.

ஆகவே 42-ஐ நாற்பதும் இரண்டும் என்று மட்டும் பிரித்துப் பழக்கினால் போதாது. முப்பதும் பன்னிரண்டும், இருபதும் இருபத்திரண்டும் என்றும் பிரித்துப் பார்க்கட்டும். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கட்டி அடுக்க முடியும் என்பதை ஒரு போட்டியாகவே வைக்கலாம்.

புரிந்ததா என்று எப்படிக் கேட்பது?

‘354-இல் பத்தாம் இடத்தில் உள்ள இலக்கம் எது?’ என்ற கேள்விக்கு நடுவில் இருப்பதைப் பார்த்து 5 என்று சொல்லிவிடலாம். அதில் சோதிக்கப்படுவது கண். அதே எண்ணை வைத்து, ‘354 குச்சிகளிலிருந்து எத்தனை பத்துக்கட்டு போடலாம்?’ என்று கேளுங்கள். வகுப்பில் பலர் 5 என்பார்கள். 35 என்று சொல்லும் குழந்தை, நூறுகளுக்குள்ளும் பத்துகள் இருப்பதைக் கண்டுகொண்டது. பின்னால் 354-ஐப் பத்தால் வகுக்கும் நாளில் அதற்குப் புதிதாகக் கற்க அதிகம் இருக்காது.

‘பத்தாம் இடத்தில் 5 தானே இருக்கிறது, 35 எப்படி வரும்?’ என்று ஒருவர் எழுந்து நின்று சண்டை பிடிப்பார். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். மூன்று பெருங்கட்டுகளையும் ஐந்து கட்டுகளையும் நான்கு ஒற்றைகளையும் அந்தக் குழந்தையின் மேசையில் வைத்துவிட்டு, பெருங்கட்டுகளின் வளையத்தை மட்டும் கழற்றச் சொல்லுங்கள்.